கமெராவின் நினைவக அட்டையைப் பொதுக் கோப்புத் தேக்ககமாகப் பாதுகாப்பாகப் பயன்படுத்தல்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – க.பொ.த. (சாதாரண தரம்)

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• நினைவக அட்டை தரவுகளைத் தேக்கி வைக்கும் விதத்தை விளக்குவீர்கள்.
• அட்டை வகைகளையும் அவற்றின் கொள்ளளவு எல்லைகளையும் வேறுபடுத்துவீர்கள்.
• ஒரே அட்டையைக் கமெராவும் கணினியும் வெவ்வேறு விதமாக நோக்குவதால் ஏற்படும் ஆபத்தை இனங்காண்பீர்கள்.
• கோப்புகளை இழக்காது பேணும் வழிமுறைகளைப் பின்பற்றுவீர்கள்.

1. அறிமுகம்

இலக்கமுறைக் கமெராவினுள் இடப்படும் நினைவக அட்டை ஒளிப்படங்களுக்கு மட்டும் உரியதன்று. அது ஒரு துணைத் தேக்ககச் சாதனம். ஆவணம், விரிதாள், பாடல், வீடியோ என எந்தக் கோப்பையும் அதில் பதியலாம். பென்டிரைவ் கைவசம் இல்லாத வேளையில், வீட்டிலுள்ள கமெராவின் அட்டையைக் கழற்றி அதில் செயற்றிட்ட அறிக்கையைப் பிரதி செய்து அச்சிடும் கடைக்குக் கொண்டு செல்லும் மாணவர்கள் உள்ளனர். இது தவறான செயலன்று. ஆயினும் அட்டையின் இயல்பை அறியாது இவ்வாறு செய்தால், அறிக்கையும் போகலாம். அட்டையிலிருந்த குடும்பப் படங்களும் போகலாம்.

இப்பாடத்தின் மையக் கருத்து ஒன்றே: நினைவக அட்டை கோப்பைக் கொண்டு செல்வதற்கு ஏற்றது, கோப்பின் ஒரே இருப்பிடமாக இருப்பதற்கு ஏற்றதன்று.

2. அட்டை இயங்கும் விதம்

நினைவக அட்டையில் வன்தட்டில் உள்ளதைப் போன்ற சுழலும் பாகங்கள் இல்லை. இது பளிச்சீட்டு நினைவகம் எனப்படும் குறைகடத்திச் சில்லினால் ஆனது. பேச்சுவழக்கில் இதனை பிளாஷ் மெமரி என்பர். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா என்பவர் 1980களில் இதனை உருவாக்கினார்.

சில்லினுள் கோடிக்கணக்கான மிகச் சிறிய கலங்கள் உள்ளன. ஒவ்வொரு கலத்திலும் காவலிடப்பட்ட சிறு பகுதி ஒன்று உண்டு. அப்பகுதியினுள் இலத்திரன்கள் சிறைப்படுத்தப்படுகின்றனவா, இல்லையா என்பதைக் கொண்டு 0, 1 ஆகிய பெறுமானங்கள் குறிக்கப்படுகின்றன. மின் துண்டிக்கப்பட்டாலும் இலத்திரன்கள் அங்கேயே தங்கியிருக்கும். எனவே இது அழிதகா நினைவகம் ஆகும்.

இவ்வமைப்பினால் ஏற்படும் விளைவுகள் மூன்று:

(அ) காவலிப் படலத்தினூடாக இலத்திரன்களை மீண்டும் மீண்டும் செலுத்துவதால் படலம் படிப்படியாகத் தேய்கின்றது. ஆகவே ஒவ்வொரு கலத்தையும் குறித்த தடவைகள் மாத்திரமே அழித்து எழுதலாம்.

(ஆ) ஒரு கலம் மட்டும் விரைவில் தேயாதிருக்க, அட்டையிலுள்ள கட்டுப்படுத்தி எழுதும் வேலையை எல்லாக் கலங்களுக்கும் பகிர்ந்தளிக்கின்றது. கட்டுப்படுத்தி பழுதடைந்தால், கலங்கள் நன்றாக இருப்பினும் கோப்புகளைச் சாதாரண முறையில் வாசிக்க முடியாது.

(இ) சிறைப்பட்ட இலத்திரன்கள் நீண்ட காலத்தில் மெல்லக் கசியும். தேய்ந்த அட்டையிலும் வெப்பமான இடத்தில் வைக்கப்பட்ட அட்டையிலும் இது விரைவாக நிகழும். எனவே அலுமாரியில் பல ஆண்டுகள் பூட்டி வைக்கப்படும் அட்டை, கல்லில் வெட்டிய எழுத்தைப் போன்றதன்று.

3. அட்டை வகைகள்

கமெராக்களில் பலவகை அட்டைகள் பயன்பட்டு வந்துள்ளன. சான்டிஸ்க் நிறுவனம் 1994 இல் கொம்பக்ட்பிளாஷ் அட்டையையும் சோனி நிறுவனம் 1998 இல் மெமரி ஸ்டிக் அட்டையையும் அறிமுகஞ் செய்தன. 1999 இல் பனசொனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்றும் இணைந்து எஸ்.டி. அட்டையை அறிவித்தன. இதுவே பின்னர் பெருவழக்காயிற்று. இதன் பருமன் 32 மி.மீ. × 24 மி.மீ. × 2.1 மி.மீ. ஆகும். கைத்தொலைபேசிகளுக்கான மைக்ரோ எஸ்.டி. அட்டை 15 மி.மீ. × 11 மி.மீ. × 1 மி.மீ. அளவினது.

எஸ்.டி. குடும்பத்தின் வகைகள் வருமாறு:

• எஸ்.டி. (1999) – 2 கிகாபைற்று வரை – கோப்பு முறைமை ஃபாட் 16
• எஸ்.டி.எச்.சி. (2006) – 2 இற்கு மேல் 32 கிகாபைற்று வரை – ஃபாட் 32
• எஸ்.டி.எக்ஸ்.சி. (2009) – 32 கிகாபைற்றுக்கு மேல் 2 தெராபைற்று வரை – எக்ஸ்ஃபாட்
• எஸ்.டி.யூ.சி. (2018) – 2 இற்கு மேல் 128 தெராபைற்று வரை – எக்ஸ்ஃபாட்

கவனிக்க: புதிய கருவி பழைய அட்டையை ஏற்கும், பழைய கருவி புதிய அட்டையை ஏற்காது. 2 கிகாபைற்று அட்டைக்கென அமைந்த பழைய கமெராவினால் எஸ்.டி.எச்.சி. அட்டையை வாசிக்க முடியாது. வெளித்தோற்றம் ஒன்றாயிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். அட்டையின் மேலுள்ள குறியீட்டைப் பாருங்கள்.

ஃபாட் 32 கோப்பு முறைமையில் தனியொரு கோப்பின் அளவு 4 கிகாபைற்றை எட்ட முடியாது. அட்டையில் 20 கிகாபைற்று வெற்றிடம் இருப்பினும் 5 கிகாபைற்று வீடியோக் கோப்பு ஒன்றை அதில் பிரதி செய்ய முடியாமைக்கு இதுவே காரணம்.

4. கொள்ளளவைக் கணித்தல்

புதிதாக வாங்கிய 16 கிகாபைற்று அட்டையைக் கணினியில் இட்டால் ஏறத்தாழ 14.9 கிகாபைற்று எனவே விண்டோஸ் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என எண்ண வேண்டாம். உற்பத்தியாளர் 1 கிகாபைற்று என்பதை 1 000 000 000 பைற்றுகளாகக் கொள்கிறார். விண்டோஸ் அதனை 1024 × 1024 × 1024 = 1 073 741 824 பைற்றுகளாகக் கொள்கிறது.

16 000 000 000 ÷ 1 073 741 824 = 14.9 (அண்ணளவாக)

உதாரணம்: ஒளிப்படமொன்றின் அளவு 4 மெகாபைற்று. 8 கிகாபைற்று அட்டையில் 1 கிகாபைற்று ஆவணங்களுக்கென ஒதுக்கப்பட்டால், எஞ்சிய இடத்தில் எத்தனை படங்களைச் சேமிக்கலாம்? (1 கிகாபைற்று = 1000 மெகாபைற்று எனக் கொள்க.)

எஞ்சிய இடம் = 8 – 1 = 7 கிகாபைற்று = 7000 மெகாபைற்று
படங்களின் எண்ணிக்கை = 7000 ÷ 4 = 1750

குறிப்பு: பரீட்சையில் வினாவில் தரப்பட்ட தொடர்பையே பயன்படுத்துக. 1 கிகாபைற்று = 1024 மெகாபைற்று எனத் தரப்பட்டால் விடை 1792 ஆகும்.

5. ஒரே அட்டை, இரு பார்வைகள்

இப்பகுதியே இப்பாடத்தின் முக்கிய பகுதியாகும்.

கமெரா, அட்டையில் டி.சி.ஐ.எம். என்னும் கோப்புறையை உருவாக்கி, அதனுள் 100 இலிருந்து 999 வரையான எண்ணுடன் தொடங்கும் உபகோப்புறைகளை அமைத்து, 0001 இலிருந்து 9999 வரை எண்ணிட்ட பெயர்களுடன் படங்களைப் பதிகின்றது. எந்த நிறுவனத்தின் கமெராவாயினும் இந்நியமத்தையே பெரும்பாலும் பின்பற்றுகின்றது. திரையில் படங்களைக் காட்டும்போது கமெரா இக்கோப்புறையினுள் தனக்குத் தெரிந்த வகைக் கோப்புகளை மாத்திரமே தேடுகின்றது.

கணினியோ அட்டையிலுள்ள எல்லாக் கோப்புகளையும் கோப்புறைகளையும் காட்டுகின்றது.

இவ்வேறுபாட்டினால் ஏற்படும் விளைவைச் சிந்தியுங்கள். நீங்கள் அட்டையில் இட்ட செயற்றிட்ட அறிக்கை கமெராவின் திரையில் தோன்றாது. படங்கள் எல்லாம் நீக்கப்பட்டிருந்தால் "படங்கள் இல்லை" என்றே கமெரா கூறும். அதனைப் பார்க்கும் அக்காவோ மாமாவோ அட்டை வெறுமையானது என எண்ணி, கமெராவிலேயே அதனை வடிவமைப்புச் செய்துவிடலாம். அவர் மீது பிழை சொல்ல முடியாது. அவர் கண்ட திரையில் உங்கள் கோப்பு இருக்கவேயில்லை.

கமெராவிலுள்ள இரு கட்டளைகளை வேறுபடுத்தி அறிந்துகொள்ளுங்கள்:

• எல்லாப் படங்களையும் நீக்குதல் – கமெரா அறிந்த படங்களும் வீடியோக்களும் மாத்திரம் நீங்கும். ஏனைய கோப்புகள் பொதுவாக எஞ்சியிருக்கும்.
• வடிவமைத்தல் (ஃபோர்மட்) – கோப்பு முறைமை புதிதாக எழுதப்படும். படங்கள், ஆவணங்கள் யாவும் நீங்கும். கமெராவில் "பாதுகாக்கப்பட்டவை" எனப் பூட்டுக் குறியிடப்பட்ட படங்களும் தப்பமாட்டா.

மேலும், பல கமெராக்களை யூ.எஸ்.பி. வடத்தினால் நேரடியாகக் கணினியுடன் இணைத்தால் படங்கள் மாத்திரமே தோன்றும். ஏனைய கோப்புகளைக் கையாள வேண்டுமாயின், அட்டையைக் கழற்றி, கார்ட் ரீடர் எனப்படும் அட்டை வாசிப்பானில் இடவேண்டும்.

6. பாதுகாப்பாகப் பயன்படுத்தும் படிமுறை

படி 1: இயலுமாயின் கோப்புகளுக்கெனத் தனி அட்டையொன்றை ஒதுக்குங்கள். அதன்மேல் சிறு அடையாளம் இடுங்கள். தொடுகைகள் உள்ள பக்கத்தில் ஒன்றையும் ஒட்டாதீர்கள்.

படி 2: ஒரே அட்டையைத்தான் பயன்படுத்த வேண்டுமாயின், முதலில் அதிலுள்ள படங்களைக் கணினிக்குப் பிரதி செய்து, அவை திறக்கின்றனவா எனப் பார்த்த பின்னரே மற்றக் கோப்புகளை இடுங்கள். பிரதி செய்யும்போது அதே பெயரில் கோப்பு உள்ளது எனக் கணினி கேட்டால், பிரதியிட வேண்டாம். எண்ணிடல் 0001 இலிருந்து மீண்டும் தொடங்குவதால் வெவ்வேறு படங்கள் ஒரே பெயரைப் பெறக்கூடும். திகதியைப் பெயராகக் கொண்ட புதிய கோப்புறையில் இடுங்கள்.

படி 3: அட்டையில் தனிக் கோப்புறையை உருவாக்கி அதனுள் உங்கள் கோப்புகளை வையுங்கள். டி.சி.ஐ.எம். கோப்புறையினுள் வைக்கவோ அதன் பெயரை மாற்றவோ வேண்டாம்.

படி 4: ஆவணத்தை அட்டையிலிருந்தவாறே திறந்து திருத்த வேண்டாம். கணினிக்குப் பிரதி செய்து, திருத்தி, சேமித்து, பின்னர் அட்டைக்குப் பிரதி செய்யுங்கள்.

படி 5: எழுதும் வேலை முடிந்ததும் "பாதுகாப்பாக அகற்று" என்னும் கட்டளையைக் கொடுத்து, கணினி அனுமதித்த பின்னரே அட்டையைக் கழற்றுங்கள். எழுதும்போது இழுத்தெடுத்தால் அந்தக் கோப்பு மட்டுமன்றி, எந்தக் கோப்பு எங்கே உள்ளது எனக் குறிக்கும் அட்டவணையும் சிதையலாம். கமெராவின் சிறு விளக்கு மின்னும்போதும் இவ்விதியே பொருந்தும்.

படி 6: அச்சிடும் கடைக்குச் செல்லுமுன் அட்டையின் பக்கத்திலுள்ள சிறு வழுக்கியைப் பூட்டு நிலைக்குத் தள்ளுங்கள். அப்போது கோப்பை வாசிக்கலாம். எழுதவோ நீக்கவோ முடியாது. ஆயினும் இப்பூட்டு வாசிப்பானுக்குக் கொடுக்கப்படும் சைகை மாத்திரமே. சில வாசிப்பான்கள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. மைக்ரோ எஸ்.டி. அட்டையில் இவ்வழுக்கி இல்லை. முடிந்தால் கடைக்குக் கொண்டு செல்லும் அட்டையில் அச்சிடவேண்டிய கோப்பை மாத்திரம் வையுங்கள்.

படி 7: அட்டையை உறையில் இட்டு, வெயில், ஈரம், தூசி படாது பேணுங்கள். தொடுகைகளை விரலால் தொடாதீர்கள்.

7. ஏனைய ஆபத்துகள்

(அ) கணினி வைரசு: பலரும் பயன்படுத்தும் கணினியில் இடப்படும் அட்டை வைரசைக் காவிவரலாம். 2008 நவம்பரில் வெளிப்பட்ட கொன்ஃபிக்கர் என்னும் தீநிரலின் சில வடிவங்கள் கழற்றக்கூடிய தேக்ககங்களின் வழியாகவும் பரவின. அட்டையைத் திறக்குமுன் வைரசு எதிர்ப்பு மென்பொருளினால் பரிசோதியுங்கள். உங்கள் கோப்புறைகள் திடீரெனக் குறுக்குவழிகளாகத் தோன்றினால் அவற்றைச் சொடுக்க வேண்டாம்.

(ஆ) போலி அட்டை: சிறிய கொள்ளளவுடைய அட்டையின் கட்டுப்படுத்தியை மாற்றியமைத்துப் பெரிய கொள்ளளவைக் காட்டச் செய்து விற்போர் உள்ளனர். உண்மைக் கொள்ளளவு நிரம்பும் வரை பிழை தெரியாது. அதன்பின் எழுதப்படும் கோப்புகள் பெயரளவில் மட்டுமே இருக்கும், திறக்கமாட்டா. விலை நம்பமுடியாத அளவு குறைவாயின் ஐயுறுங்கள். புதிய அட்டையை முழுமையாக எழுதி வாசித்துச் சோதிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன.

(இ) "பயன்படுத்துமுன் வடிவமைக்க வேண்டும்" என்னும் செய்தி: தேவையான கோப்புகள் உள்ள அட்டையைக் கணினியில் இட்டபோது இச்செய்தி தோன்றினால், உடன்பட வேண்டாம். நிராகரித்துவிட்டு வேறு வாசிப்பானிலும் வேறு கணினியிலும் இட்டுப் பாருங்கள். பழுது வாசிப்பானில் இருக்கலாம். அல்லது அக்கணினி எக்ஸ்ஃபாட் முறைமையை அறியாதிருக்கலாம்.

(ஈ) அந்தரங்கம்: கோப்பை நீக்கும்போதோ விரைவு வடிவமைப்புச் செய்யும்போதோ பெரும்பாலும் அட்டவணைப் பதிவே நீங்குகிறது. தரவுகள் கலங்களில் எஞ்சியிருக்கும். அட்டையை வேறொருவருக்குக் கொடுத்தாலோ விற்றாலோ உங்கள் வீட்டுப் படங்களை அவர் மீட்டெடுக்கக்கூடும். கொடுக்குமுன் விண்டோஸில் "விரைவு வடிவமைப்பு" என்னும் தெரிவை நீக்கி முழு வடிவமைப்புச் செய்யுங்கள். விண்டோஸ் விஸ்டா முதல் முழு வடிவமைப்பு அட்டை முழுவதும் பூச்சியங்களை எழுதுகின்றது. தனிப்பட்ட படங்கள் இருந்த அட்டையைக் கொடாதிருப்பதே நன்று.

8. இழந்த கோப்பை மீட்டல்

மேலே (ஈ) இல் கூறிய அதே இயல்பு, தவறுதலாக நீக்கியவருக்கு உதவியாக அமைகின்றது. நீக்கப்பட்ட கோப்பின் இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை அது மீளக் கிடைக்க வாய்ப்புண்டு. எனவே,

1. அட்டையை உடனே கழற்றுங்கள். ஒரு படம் கூட எடுக்க வேண்டாம்.
2. பூட்டு வழுக்கியைத் தள்ளுங்கள்.
3. போட்டோரெக் போன்ற இலவச மீட்பு மென்பொருளினால் தேடி, மீட்ட கோப்புகளைக் கணினியின் வன்தட்டில் சேமியுங்கள். அதே அட்டையில் சேமிக்க வேண்டாம்.

மீட்பு என்பது உறுதியன்று. அதனை நம்பிக் காப்புப் பிரதியைத் தவிர்க்கக் கூடாது.

9. காப்புப் பிரதி

ஒளிப்படக் கலைஞர்களிடையே வழங்கும் 3-2-1 விதி நினைவிற்கொள்ள எளிதானது. முக்கிய கோப்புக்கு 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், 1 பிரதி வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். உதாரணமாக, கணினியின் வன்தட்டில் ஒன்று, அட்டையில் ஒன்று, உங்கள் மின்னஞ்சலில் அல்லது உறவினர் வீட்டிலுள்ள கணினியில் ஒன்று.

"வேறோர் இடம்" ஏன் வேண்டும்? 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை எமது நாட்டின் கரையோரங்களைத் தாக்கியபோது, வீட்டோடு பிறப்புச் சான்றிதழ்களையும் இறந்தோரின் படங்களையும் இழந்த குடும்பங்கள் பல. ஒரே வீட்டில் எத்தனை பிரதிகள் இருந்தாலும் அவ்வேளையில் அவை ஒரு பிரதிக்கே சமன்.

10. மாதிரி வினாக்கள்

பகுதி I – மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. எஸ்.டி. அட்டை எவ்வகைத் தேக்ககமாகும்?
(1) காந்தத் தேக்ககம் (2) ஒளியியல் தேக்ககம் (3) திண்ம நிலைத் துணைத் தேக்ககம் (4) அழிதகு முதன்மை நினைவகம்

2. 20 கிகாபைற்று வெற்றிடமுள்ள எஸ்.டி.எச்.சி. அட்டையில் 5 கிகாபைற்றுக் கோப்பைப் பிரதி செய்ய முடியவில்லை. காரணம்,
(1) அட்டை தேய்ந்துள்ளது (2) ஃபாட் 32 முறைமையின் கோப்பு அளவு எல்லை (3) வைரசுத் தாக்கம் (4) டி.சி.ஐ.எம். கோப்புறை இல்லாமை

3. அட்டையிட்ட கமெராவின் திரையில் "படங்கள் இல்லை" எனத் தோன்றுகிறது. இதிலிருந்து உறுதியாகக் கூறக்கூடியது,
(1) அட்டை வெறுமையானது (2) அட்டை பழுதடைந்தது (3) கமெரா காட்டக்கூடிய படங்கள் இல்லை (4) அட்டை வடிவமைக்கப்படவில்லை

4. பின்வரும் கூற்றுகளைக் கருதுக.
A – பூட்டு வழுக்கி கோப்பை இரகசியமாக்கும்.
B – பூட்டிய அட்டையிலுள்ள கோப்பை வாசிக்கலாம்.
C – பூட்டிய அட்டைக்குக் காப்புப் பிரதி தேவையில்லை.
இவற்றுள் சரியானது / சரியானவை,
(1) A மட்டும் (2) B மட்டும் (3) A, B மட்டும் (4) B, C மட்டும்

பகுதி II – அமைப்பு வினா

தரம் 11 மாணவி ஒருத்தி தனது செயற்றிட்ட அறிக்கையை அண்ணனின் கமெரா அட்டையில் மாத்திரம் வைத்திருந்தாள். மறுநாள் அதனை ஒப்படைக்க வேண்டும். அண்ணன் படங்களைக் கணினிக்கு மாற்றிவிட்டு, அன்று மாலை தேர்த் திருவிழாவைப் படம்பிடிப்பதற்காகக் கமெராவில் அட்டையை வடிவமைப்புச் செய்தான்.

(i) அண்ணன் அறிக்கையைக் காணாமைக்குக் காரணம் யாது? (2 புள்ளிகள்)
(ii) அவன் எல்லாப் படங்களையும் நீக்கும் கட்டளையைப் பயன்படுத்தியிருந்தால் விளைவு எவ்வாறு வேறுபட்டிருக்கும்? (2 புள்ளிகள்)
(iii) அறிக்கையை மீட்க வேண்டுமாயின் அண்ணன் அன்று மாலை செய்யக்கூடாதது யாது? காரணம் தருக. (3 புள்ளிகள்)
(iv) இந்நிலை ஏற்படாது தடுக்க மாணவி செய்திருக்கக்கூடிய இரண்டினைத் தருக. (3 புள்ளிகள்)

விடைகள்

பகுதி I: 1 – (3), 2 – (2), 3 – (3), 4 – (2)

பகுதி II:
(i) கமெரா தான் அறிந்த படம், வீடியோக் கோப்புகளை மாத்திரமே காட்டும். ஆவணக் கோப்பைக் காட்டாது.
(ii) படங்கள் மாத்திரம் நீங்கியிருக்கும்; அறிக்கை பொதுவாக எஞ்சியிருக்கும்.
(iii) அவ்வட்டையில் திருவிழாவைப் படம் எடுக்கக்கூடாது. வடிவமைத்த பின்னரும் அறிக்கையின் தரவுகள் கலங்களில் எஞ்சியிருக்கலாம். புதிய படங்கள் அவ்விடத்தில் எழுதப்பட்டால் மீட்க முடியாது. (வேறு அட்டையைப் பயன்படுத்தலாம்.)
(iv) அறிக்கையைக் கணினியிலும் மின்னஞ்சலிலும் பிரதி செய்து வைத்தல். தனி அட்டையைப் பயன்படுத்தல். அட்டையில் ஆவணம் உள்ளதென அண்ணனுக்குக் கூறுதல். (இரண்டு போதுமானது.)

செயற்பாடு: உங்கள் வீட்டில் அல்லது பாடசாலையில் உள்ள நினைவக அட்டை ஒன்றை எடுத்து, அதன் வகை, கொள்ளளவு, கோப்பு முறைமை ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக. அதில் மாத்திரம் இருக்கும், வேறெங்கும் பிரதி இல்லாத கோப்புகளைப் பட்டியலிடுக. அப்பட்டியலில் ஒரு பெயராவது இருந்தால், இன்றே அதற்கு இரண்டாவது பிரதியொன்றை எடுங்கள்.